பெரிதாக்கிய அளவு பொருந்தவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அளவு காரணி பாடம் வரும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பிள்ளைகள் செய்யும் தவறுகள் நூறு விதமாகத் தெரிந்தாலும், அடியில் இருப்பவை ஏழெட்டுதான். வீட்டு வரைபடத்தோடு மல்லுக்கட்டும் பெரியவர்களும், பேட்டர்னை (துணி வெட்ட வைத்துக்கொள்ளும் தாள் மாதிரியை) பெரிதாக்கும் தையல்காரர்களும் அதே ஏழெட்டு இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் பாடமாகச் சொல்லாமல், என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

ஒரே ஒரு வரையறை மட்டும் முதலில் வேண்டும். அளவு காரணி என்பது புதிய நீளத்தைப் பழைய நீளத்தால் வகுத்தால் வரும் எண். 6 செ.மீ. கோடு 15 செ.மீ. ஆகியிருந்தால் காரணி 2.5. இதில் ‘நீளம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கீழே வரும் பாதிக் குழப்பங்கள் அந்த ஒரு சொல்லை மறப்பதால் வருகின்றன.

எதையும் திருத்தும் முன்: மூன்று கோடுகளை அளந்துபாருங்கள்

ஏதோ தப்பு என்று மட்டும் தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. அப்படியானால் குட்டை, நடுத்தரம், நீளம் என்று மூன்று கோடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

5 செ.மீ. இருக்க வேண்டியது 4.85, 10 இருக்க வேண்டியது 9.7, 20 இருக்க வேண்டியது 19.4 என்று வந்தால், எல்லாமே 0.97 மடங்கு. விகிதம் ஒன்றாக இருக்கிறது, ஆகவே பிழை அளவு காரணியில்தான்.

5-க்கு 5.2, 10-க்கு 10.2, 20-க்கு 20.2 என்று வந்தால் கதை வேறு. ஒவ்வொன்றிலும் கூடுதல் அதே 0.2. இது காரணியின் குற்றமே இல்லை. ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும், அல்லது பூச்சியத்திலிருந்து வைக்காமல் ஓரத்திலிருந்து வைத்திருப்பீர்கள். டேப்பின் கொக்கி வளைந்திருந்தாலும் இப்படித்தான் வரும். இதைக் காரணியால் சரிசெய்யப் போனால் குட்டைக் கோடு ஒரு மாதிரியும் நீளக் கோடு இன்னொரு மாதிரியும் தவறும்.

கிடைக்கோடுகள் சரியாக இருந்து நெடுக்குக் கோடுகள் மட்டும் தவறினால், படம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. கிடைக்கு ஒரு காரணி, நெடுக்குக்கு இன்னொரு காரணி. கணினியில் படத்தை மூலையைப் பிடித்து இழுக்காமல் பக்கவாட்டைப் பிடித்து இழுத்தால் இதுதான் நடக்கும். அந்தப் படத்தில் சாய்வுக் கோடுகளின் நீளத்தை நம்பவே கூடாது.

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் ‘இன்னும் கொஞ்சம் பெரிசாக்கிப் பார்ப்போம்’ என்று தொடங்குகிறவர்கள்தான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

அறிகுறி: வடிவம் கோணிப்போகிறது, துண்டுகள் ஒன்றோடொன்று சேரவில்லை

பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள்.

4 × 6 அங்குலப் புகைப்படத்தைப் பெரிதாக்க வேண்டும். 4 என்பது 8 ஆக வேண்டும், அதாவது 4 கூடுகிறது. அப்படியானால் 6-உம் 4 கூடி 10 ஆகட்டும் என்று மனம் தானாகச் சொல்லிவிடும். ஆனால் 8 × 10 என்பது வேறு வடிவம். 4-ஐ 8 ஆக்கினால் காரணி 2, ஆகவே 6 என்பது 12 ஆக வேண்டும். 8 × 10 சட்டத்துக்குள் வைத்தால் படத்தில் 2 அங்குலம் வெட்டுப்படும். குழுப் படங்களில் ஓரத்தில் நிற்பவர் காணாமல் போவது இப்படித்தான்.

பிரான்சு நாட்டுக் கணிதக் கல்வி ஆய்வாளர் கீ ப்ரூசோ இதற்காகவே ஒரு பயிற்சியை வடிவமைத்தார். ஒரு சதுரத்தைப் பல துண்டுகளாக வெட்டிய புதிர் அது. ‘இதில் 4 செ.மீ. இருக்கும் பக்கம் புதிய புதிரில் 7 செ.மீ. ஆக வேண்டும்’ என்று சொல்லி, ஆளுக்கொரு துண்டாகப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 செ.மீ. கூட்டி வெட்டிக்கொண்டு வருவார்கள். சேர்த்தால் சேராது.

ஏன் சேராது என்பதைக் கையால் செய்துபார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பழைய புதிரில் 6 செ.மீ. பக்கம் ஒன்று, 4 செ.மீ. பக்கத்தையும் 2 செ.மீ. பக்கத்தையும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கூட்டினால் 6 என்பது 9 ஆகிறது. எதிர்ப்பக்கத்தில் 4 என்பது 7, 2 என்பது 5, சேர்த்தால் 12. ஒரு பக்கம் 9, மறுபக்கம் 12. எப்படிப் பொருந்தும்? பெருக்கிப் பாருங்கள். காரணி 7 ÷ 4 = 1.75. 6 என்பது 10.5, 4 என்பது 7, 2 என்பது 3.5. 7 + 3.5 = 10.5. அப்படியே உட்காரும்.

என் வகுப்பில் இதை அட்டையில் வெட்டித்தான் செய்யச் சொல்வேன். ‘கூட்டாதே, பெருக்கு’ என்று கரும்பலகையில் பத்து முறை எழுதினாலும் ஏறாதது, துண்டு பொருந்தாமல் கையில் நிற்கும்போது ஏறிவிடுகிறது.

அறிகுறி: பெரிதாக வேண்டியது சிறிதாக வருகிறது

காரணியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். புதியது மேலே, பழையது கீழே. பெரிதாக்கினால் காரணி 1-ஐவிடக் கூடுதல், சிறிதாக்கினால் 1-ஐவிடக் குறைவு. விடையை எழுதும் முன் இந்த ஒரு பார்வை போதும்.

பத்தாம் வகுப்பு வரைகணிதத்தில் இதே பிழை வேறு வேடத்தில் வரும். 7/3 காரணிக்கு வடிவொத்த முக்கோணம் வரையச் சொன்னால், கதிரில் (முக்கோணத்தின் ஒரு முனையிலிருந்து சாய்வாக வரைந்து, சம இடைவெளியில் புள்ளி வைக்கும் கோட்டில்) எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியைப் பழைய முனையோடு சேர்ப்பது என்று குழம்புவார்கள். இரண்டு எண்களில் பெரியது எதுவோ அத்தனை புள்ளிகள். பகுதி எதுவோ அந்தப் புள்ளியைப் பழைய முக்கோணத்தின் முனையோடு இணைக்க வேண்டும், ஏனென்றால் பகுதிதான் பழைய நீளம். தொகுதிப் புள்ளி வழியாக இணைகோடு. ஆக 7/3-க்கு 7 புள்ளிகள், மூன்றாவதை முனையோடு சேர்த்து, ஏழாவது வழியாக இணைகோடு. 3/5-க்கு 5 புள்ளிகள், ஐந்தாவதைச் சேர்த்து, மூன்றாவது வழியாக இணைகோடு.

அறிகுறி: நீளங்கள் எல்லாம் சரி, பரப்பு மட்டும் எங்கோ போகிறது

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான்.

1:100 அளவில் (படத்தில் 1 செ.மீ. என்றால் உண்மையில் 100 செ.மீ.) வரைந்த வீட்டுப் படத்தில் ஓர் அறை 3 செ.மீ. × 4 செ.மீ. இருக்கிறது. படத்தில் பரப்பு 12 சதுர செ.மீ. ‘காரணி 100, ஆகவே 1,200 சதுர செ.மீ.’ என்று ஒரு பிள்ளை எழுதும். 1,200 சதுர செ.மீ. என்றால் 0.12 சதுர மீட்டர். ஒரு நாற்காலியின் இருக்கை அளவுகூட இல்லை. உண்மையில் அந்த அறை 3 மீ. × 4 மீ., அதாவது 12 சதுர மீட்டர், ஏறக்குறைய 129 சதுர அடி.

நீளமும் 100 மடங்கு, அகலமும் 100 மடங்கு. ஆகவே பரப்பு 100 × 100 = 10,000 மடங்கு. காரணி k என்றால் பரப்புக்கு k-இன் வர்க்கம்.

தோசையை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் புரியும். 8 அங்குலத் தோசையை 12 அங்குலமாக வார்த்தால் விட்டம் ஒன்றரை மடங்கு. மாவு ஒன்றரை மடங்கு போதுமா? போதாது. அதே கனத்தில் வார்க்க 1.5 × 1.5 = 2.25 மடங்கு மாவு வேண்டும். இரண்டு தோசை மாவையும் தாண்டிவிடுகிறது.

ஜெராக்ஸ் கடை இயந்திரத்தில் ஏ4 தாளை ஏ3 ஆக்க 141% என்று இருப்பதைப் பார்த்து, ‘தாள் இரண்டு மடங்கு ஆகிறதே, ஏன் 200% இல்லை?’ என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. இயந்திரம் சொல்வது நீளத்தின் காரணியை. ஏ4 தாள் 210 × 297 மி.மீ., ஏ3 தாள் 297 × 420 மி.மீ. பரப்பு இரண்டு மடங்கு ஆக வேண்டுமானால் நீளம் 2-இன் வர்க்கமூலம் அளவு பெருகினால் போதும், அது 1.414. 200% அழுத்தியிருந்தால் நான்கு ஏ4 தாள்கள் தேவைப்பட்டிருக்கும். திரும்பச் சிறிதாக்க 71%, ஏனென்றால் 1 ÷ 1.414 = 0.707. இந்தத் தாள் வரிசை முழுவதும் ஒரே விகிதத்தில் இருப்பதால்தான் ஓரம் வெட்டுப்படாமல் ஒன்று இன்னொன்றாகிறது. அளவு காரணிக்கு இவ்வளவு அழகான எடுத்துக்காட்டு நம் மேசை மேலேயே கிடக்கிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

இதையே திருப்பிப் போட்டால்தான் தேர்வில் தடுக்கி விழுவார்கள். இரண்டு வடிவொத்த முக்கோணங்களின் பரப்புகள் 9 : 16 என்றால் பக்கங்கள் 3 : 4. பரப்பு கொடுத்துப் பக்கம் கேட்டால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்புறம், சுற்றளவு பரப்பைப்போல நடந்துகொள்ளாது. சுற்றளவும் ஒரு நீளம்தான். மனையின் நீள அகலத்தை இரண்டு மடங்காக்கினால் சுற்றுச்சுவர் இரண்டு மடங்கு, உள்ளே பதிக்கும் ஓடு நான்கு மடங்கு.

அறிகுறி: பாத்திரம் நிரம்பவே மாட்டேன் என்கிறது, அல்லது சர்க்கரை பத்தவில்லை

இது கனஅளவு. மூன்று திசையிலும் பெருகுகிறது, ஆகவே k-இன் கனம், அதாவது k × k × k.

20 செ.மீ. உயரமும் 20 செ.மீ. விட்டமும் உள்ள நேரான பாத்திரம் ஏறத்தாழ 6.3 லிட்டர் பிடிக்கும். விருந்தாளி இரண்டு மடங்கு என்று உயரத்தையும் விட்டத்தையும் 40 ஆக்கினால், அது 50 லிட்டர் பிடிக்கும். எட்டு மடங்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டு மடங்கு பாயசம்தான் என்றால் 2-இன் கனமூலம், அதாவது 1.26. உயரமும் விட்டமும் 25 செ.மீ.க்குச் சற்றுமேல் இருந்தால் போதும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ‘இதுவா இரண்டு மடங்கு?’ என்று கண் நம்பாது. தண்ணீர் ஊற்றி அளந்தால் நம்பும்.

லட்டு பிடிப்பவர்களுக்கு இது காசு விஷயம். 4 செ.மீ. விட்டமுள்ள லட்டைக் கொஞ்சம் பெரிசாக, 5 செ.மீ. விட்டத்தில் பிடித்தால் என்ன ஆகும்? 1.25 × 1.25 × 1.25 = 1.95. ஒரு லட்டுக்கு ஏறக்குறைய இரண்டு லட்டின் பொருள் போகிறது. நூறு உருண்டைக்குக் கலந்த பூந்தியில் ஐம்பத்தொன்றுதான் வரும்.

இங்கேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. இரண்டு மடங்கு பெரிய அந்தப் பாத்திரத்தை அதே தடிமனுள்ள தகட்டில் செய்தால் அதன் எடை எட்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்குதான். தகடு பரப்பைப் பொறுத்தது, கொள்ளளவு கனஅளவைப் பொறுத்தது. எட்டு மடங்கு தண்ணீரை நான்கு மடங்கு உலோகம் தாங்க வேண்டும். பெரிய பாத்திரங்களின் தகடு தடிமனாக இருக்க வேண்டியிருப்பது இதனால்தான். கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் இதே எண்ணத்தை எலும்பை வைத்து விளக்கினார். ஒரு விலங்கு எல்லாத் திசையிலும் மூன்று மடங்கு பெரிதானால் எடை 27 மடங்கு, எலும்பின் குறுக்குவெட்டு 9 மடங்கு. எலும்பின் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் முன்பைவிட மூன்று மடங்கு சுமக்க வேண்டும். அதனால் பெரிய விலங்கின் கால் எலும்பு, சின்ன விலங்கினுடையதன் பெரிதாக்கிய நகலாக இருக்க முடியாது. நாற்காலி, அலமாரி, பாலம் எதன் சின்ன மாதிரி உறுதியாக நின்றாலும், பெரிதாக்கியது நிற்குமா என்று தனியாகக் கணக்குப் போட வேண்டியிருப்பதும் இதே காரணத்தால்தான்.

அறிகுறி: எல்லா அளவும் 3 முதல் 4 சதவீதம் பிசகுகிறது

பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். இந்தச் சின்னப் பிழைதான் ஆபத்து, ஏனென்றால் ‘பரவாயில்லை, அளக்கும்போது வந்திருக்கும்’ என்று விட்டுவிடுவோம்.

முதல் சந்தேகம் பிரிண்டர்மேல். ‘ஃபிட் டு பேஜ்’ என்று இருந்தால் ஓரத்துக்கு இடம் விடுவதற்காக அது எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கிவிடும். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100% என்று மாற்றுங்கள். ஏற்கெனவே அச்சிட்டாயிற்று, மூலக் கோப்பு கையில் இல்லை என்றால், 100 மி.மீ. இருக்க வேண்டிய ஒரு கோட்டை அளந்துபாருங்கள். 97 இருந்தால் காரணி 0.97. திரும்பப் பெரிதாக்க 103% இல்லை, 100 ÷ 97 = 103.1%. பரப்பில் இழப்பு 3% இல்லை, ஏறக்குறைய 6%.

இரண்டாவது சந்தேகம், அடியும் மீட்டரும் கலப்பது. எங்கள் உறவில் ஒருவர் வீடு கட்டும்போது இதைப் பார்த்தேன். பழைய பாணியில், 1 அங்குலம் என்றால் 8 அடி என்று வரைந்த படம் அது. அங்குலத்துக்கு 8 அடி என்றால் 96 அங்குலம், அதாவது 1:96. தரைக்கு ஓடு கணக்குப் போட்டவர் அதை 1:100 என்று எடுத்துக்கொண்டு செ.மீ. ஸ்கேலை வைத்து அளந்துவிட்டார். 30 அடி அகலம் படத்தில் 9.525 செ.மீ. இருந்தது. அதை 9.525 மீட்டர் என்று எடுத்தால் 31.25 அடி. ஒன்றேகால் அடிதானே என்று தோன்றும். ஆனால் 30 × 40 = 1,200 சதுர அடித் தளம், அவர் கணக்கில் 1,302 சதுர அடி ஆகியிருந்தது. நூற்றிரண்டு சதுர அடி ஓட்டுக்குக் கூடுதல் பணம். நீளத்தில் 4% பிசகு, பரப்பில் 8.5% ஆகிவிட்டது. படத்தில் எழுதியிருக்கும் ஏதாவது ஓர் அளவை எடுத்து, ஸ்கேலால் அளந்து, காரணியை நாமே கண்டுபிடித்திருந்தால் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும். படத்தில் எண் எழுதியிருந்தால் எண்ணை நம்புங்கள், கோட்டை அளந்து எடுக்காதீர்கள்.

அறிகுறி: சிறிதாக்கியதைத் திரும்பப் பெரிதாக்கினால் பழைய அளவு வரவில்லை

20% குறைத்துவிட்டு 20% கூட்டினால் 0.8 × 1.2 = 0.96. நான்கு சதவீதம் காணாமல் போய்விடும். 80% ஆக்கியதைத் திரும்பக் கொண்டுவர 125% வேண்டும், ஏனென்றால் 1 ÷ 0.8 = 1.25. அடுத்தடுத்துச் செய்யும் மாற்றங்களின் காரணிகளைப் பெருக்குங்கள், சதவீதங்களைக் கூட்டிக் கழிக்காதீர்கள்.

அறிகுறி: நிலப்படத்தில் தூரம் தாறுமாறாக வருகிறது

விடை நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ தவறினால் அலகுதான் காரணம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில் 3.4 செ.மீ. தூரம் என்றால் 3.4 × 50,000 = 1,70,000 செ.மீ. ஒரு கிலோமீட்டருக்கு 1,00,000 செ.மீ., ஆகவே 1.7 கி.மீ. இந்தப் படத்தில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் வழியிலேயே சரிபார்க்கலாம். ஆனால் பரப்பில் 2 சதுர செ.மீ. ஒரு சதுர கிலோமீட்டர் ஆகாது, 4 சதுர செ.மீ. வேண்டும்.

தவறு சின்னதாக இருந்தால், கையில் இருப்பது நகலா என்று பாருங்கள். படத்தை 141% பெரிதாக்கி நகலெடுத்த பிறகும் மூலையில் ‘1:50,000’ என்றுதான் அச்சாகியிருக்கும். உண்மையில் அது இப்போது ஏறக்குறைய 1:35,500. எழுதிய எண்ணுக்குத் தாள் பெரிதானது தெரியாது. ஆனால் படத்தின் கீழே கட்டம் கட்டமாக வரைந்திருக்கும் அளவுக்கோடு படத்தோடு சேர்ந்தே பெரிதாகிவிடும். ஆகவே நகலிலும் செல்பேசித் திரையிலும் அந்தக் கோட்டை மட்டும் நம்புங்கள். ஒரு நூலையோ தாள் ஓரத்தையோ வைத்துத் தூரத்தைக் குறித்து, அந்தக் கோட்டின்மேல் வைத்துப் படியுங்கள்.

அறிகுறி: எல்லாவற்றையும் ஒரே காரணியால் பெருக்கியும் பொருள் உதவவில்லை

மாறக் கூடாதது எதையோ மாற்றியிருப்பீர்கள். கோணத்தைக் காரணியால் பெருக்கக் கூடாது. 60 பாகை முக்கோணத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் அது 60 பாகைதான். சாய்தளத்தின் சாய்வு 1:12 (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) என்றால் படத்திலும் 1:12, தரையிலும் 1:12. எண்ணிக்கையும் மாறாது: வரைபடத்தில் நான்கு சன்னல் என்றால் வீட்டிலும் நான்குதான்.

தையலில் இது இன்னும் நுணுக்கம். 36 அங்குல ரவிக்கை பேட்டர்னை 40 ஆக்கக் காரணி 1.11. அப்படியே நகல் இயந்திரத்தில் 111% வைத்தால் கழுத்து அகலமும் தோளும் அதே விகிதத்தில் விரிந்து, ரவிக்கை தோளிலிருந்து நழுவும். உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே காரணியில் வளர்வதில்லை. தையலுக்கு விடும் அரை அங்குலமும் கூடவே பெரிதாகிவிடும், வெட்டுபவர் வழக்கம்போல அரை அங்குலத்தில் தைத்தால் ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் தொளதொளப்பு சேரும். ஆகவே முதலில் தையல் ஓரத்தைப் பேட்டர்னிலிருந்து வெட்டி எடுத்துவிடுங்கள். மார்பு, இடுப்புச் சுற்றளவுகளை மட்டும் காரணியால் பெருக்குங்கள். கழுத்தையும் தோளையும் ஆளை நிறுத்தி டேப்பால் அளந்து போடுங்கள். கடைசியில் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள்.